போலி ஜன்னலுக்கு எந்த எல்இடி பேனல்? வாங்கும் முன் படிக்க ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜன்னல் இல்லாத அறைக்கு வெளிச்ச ஜன்னல் செய்ய வேண்டியவை: எட்ஜ்-லிட் வகை (ஓரத்திலிருந்து ஒளி பாயும்) எல்இடி பேனல் ஒன்று, அதற்குத் தனியாகப் பார்த்து வாங்கிய நல்ல டிரைவர் (பேனலுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டி), 90 மி.மீ. ஆழத்தில் ஒரு மரப்பெட்டி, முன்னால் ஃப்ராஸ்டட் ஷீட். மேகமும் மரக்கிளையும் அச்சிட்டு வரும் ரெடிமேட் 'வான பேனல்' வேண்டாம். கலர் மாறும் ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பை (எல்இடிகள் பதித்த பட்டையை) மட்டும் நம்பிச் செய்வதும் வேண்டாம். பேனல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது விளக்குதான். அதை ஜன்னலாக்குவது சுற்றியுள்ள ஆழமும், மேலிருந்து கீழ்வரை ஒளி ஒரே சீராக இல்லாமல் இருப்பதும். பணத்தில் பெரும் பங்கை டிரைவரிலும் தச்சு வேலையிலும் போடுங்கள்.

அச்சிட்ட வானம் ஏன் தோற்கிறது? அறைக்குள் நீங்கள் இரண்டு அடி நகர்ந்தால், நிஜ ஜன்னலில் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வெளிக்காட்சி இடம் மாறித் தெரியும். அச்சுப் படத்தில் எதுவும் நகராது. சுவரிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி இருக்கும் படத்தைத்தான் கண் குவித்துப் பார்க்கிறது. எங்கோ தொலைவில் இருப்பதை அல்ல. முதல் நாள் பார்க்க அழகாக இருக்கும். அதன்பின் சுவரில் மாட்டிய காலண்டராகிவிடும், மேகம் வேறு நகரவே நகராது. படத் தாள் அக்ரிலிக்கின் மேல் ஒட்டிப் படியும் இடங்களில் ஈரம் பட்டது போன்ற திட்டுகளும் தெரியும். இதைத் தவிர்க்க, தாளின் மேட் முகம் அக்ரிலிக் பக்கமாக இருக்க வேண்டும். ரெடிமேட் பேனலில் அது எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாத, ஆனால் வெளிச்சம் வருகிற ஜன்னல் நம்மை எளிதில் ஏமாற்றும். ஃப்ராஸ்டட் கண்ணாடி, வெள்ளை மெல்லிய திரை, பாதி மூடிய வெனீஷியன் பிளைண்ட் என்று எதுவாக இருந்தாலும் சரி. காட்சியை மறைத்துவிட்டால் கண் கேள்வி கேட்பதில்லை.

எவ்வளவு பிரகாசம் தேவை

600-க்கு 600 மி.மீ. அளவுள்ள 40 வாட் பேனல் சுமார் 4,000 லூமன் (மொத்த ஒளியின் அளவு) தரும். அந்த ஒளி 0.36 சதுர மீட்டர் பரப்பிலிருந்து வருகிறது. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 3,500 கேண்டெலா, அதாவது பார்க்கும் பரப்பின் பிரகாசம். மேகம் மூடிய பகலில் வெட்டவெளித் தரையில் 10,000 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) விழுந்தால், வானத்தின் சராசரிப் பிரகாசம் ஏறக்குறைய 3,200 கேண்டெலா. அதாவது சாதாரண அலுவலகப் பேனலே மேகமூட்டமான வானத்துக்கு ஈடு. எனவே 72 வாட், 100 வாட் என்று தேடி அலைய வேண்டாம். சொல்லப்போனால் முழுப் பிரகாசத்தில் இது கண்ணைக் கூசும். கம்ப்யூட்டர் திரை 300 கேண்டெலாவைச் சுற்றித்தான் இருக்கும்; பேனல் அதைப்போல் பத்து மடங்கு. நிஜ ஜன்னல் பக்கத்தில் இருந்தால் அறையின் சுவர்களும் பளிச்சென்று இருப்பதால் அந்த வானம் கூசுவதில்லை. இருட்டறையில் அதே பிரகாசம் கூசுகிறது.

பகலில் 25 முதல் 40 சதவீதம் வைத்தால் போதும். கண்ணின் உணர்வு ஒளிக்கு நேர் விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. 25 சதவீதத்துக்கு இறக்கினாலும் பாதிக்கு மேல் பிரகாசமாகத்தான் தோன்றும். அதனால் டிம்மர் இல்லாத பேனல் இந்த வேலைக்கு உதவாது. அறைக்குப் பொது வெளிச்சமும் தனியாக வேண்டும், குறிப்பாக ஜன்னல் பதித்திருக்கும் சுவரின் மேல் கொஞ்சம் ஒளி படும்படி. இருட்டுச் சுவரின் நடுவே வெள்ளைச் சதுரம் மட்டும் தெரிந்தால் அது விளம்பரப் பலகை.

வெள்ளை ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். 6500 கெல்வின் என்றதும் 'டேலைட்' என்று வாங்கிவிடுகிறார்கள். டிம் செய்த நிலையில் அது சாம்பல் நீலமாகி, பிணவறை வெளிச்சம் போல் ஆகிவிடும். நிறம் மாற்ற முடியாத பேனல் என்றால் 5000 கெல்வின்தான் எங்கள் தேர்வு. மாற்றக்கூடியது என்றால் 2700-6500. இதில் ஒரு கவனம் வேண்டும். இந்த வகைப் பேனலுக்குள் வெதுவெள்ளை, குளிர்வெள்ளை என்று இரண்டு எல்இடி வரிசைகள் இருக்கும். பல மாடல்களில் இரண்டும் சேர்ந்து எரியும் நடுப்பகுதியில்தான் சொல்லப்பட்ட வாட் முழுதாகக் கிடைக்கும். இரு முனைகளில் ஒளி குறையும். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100-க்கான மதிப்பெண்) 90-க்கு மேல் இருப்பது நல்லது. 80 உள்ள பேனலின் அடியில் தோல், மரம், சிவப்புத் துணி எல்லாம் வெளிறித் தெரியும். இது பகல் வெளிச்சம் அல்ல என்று முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

எட்ஜ்-லிட்டா, பேக்-லிட்டா

எட்ஜ்-லிட் பேனலில் எல்இடிகள் ஓரச் சட்டத்துக்குள் இருக்கும். ஒளி ஒரு தெளிந்த தகட்டுக்குள் பக்கவாட்டில் பாய்ந்து, அதில் அச்சிட்ட நுண்புள்ளிகளில் பட்டு முன்னால் வரும். மொத்தத் தடிமன் 10 மி.மீ. அளவுதான். ஒளி மிகச் சீராக இருக்கும். இதில் பார்க்க வேண்டியது ஒன்றே: அந்த ஒளிநடத்தும் தகடு எதனால் ஆனது என்பது. பிஎம்எம்ஏ, அதாவது அக்ரிலிக் என்றால் ஆண்டுக்கணக்கில் நிறம் மாறாது. மலிவான பேனல்களில் வரும் பாலிஸ்டைரீன் தகடு, எல்இடிக்கு அருகிலுள்ள ஓரத்திலிருந்து மஞ்சளாகத் தொடங்கும். கூரையில் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜன்னலாகக் கண் மட்டத்தில் இருந்தால் மஞ்சள் ஓரம் தினமும் உறுத்தும். பெட்டியில் எழுதவில்லை என்றால் பாலிஸ்டைரீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேக்-லிட் பேனலில் எல்இடிகள் பின்தகட்டில் இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் சின்ன லென்ஸ். தடிமன் 30 மி.மீ. பக்கம். விலை குறைவு, வாட்டுக்கு ஒளி அதிகம், மஞ்சளாகும் தகடும் கிடையாது. ஆனால் டிஃப்யூசர் மெல்லியதாக இருந்தால் பக்கவாட்டுக் கோணத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். முன்னால் 40 மி.மீ. தள்ளி இன்னொரு ஃப்ராஸ்டட் ஷீட் வரப்போகிறது என்றால் இந்தக் குறை மறைந்துவிடும், அப்போது பேக்-லிட் வாங்குவது முட்டாள்தனம் அல்ல. ஆழம் 60 மி.மீ.க்கு மேல் கிடைக்காத சுவர் என்றால் எட்ஜ்-லிட் தவிர வழியில்லை.

ஒரே ஒரு சதுரப் பேனல் ஜன்னலாகத் தோன்றாது, உயரம் வேண்டும். 1200-க்கு 600 பேனலை நிறுத்தி வைப்பது நேரான வழி. இரண்டு 600 பேனல்களை மேலும் கீழுமாக வைத்தால் நடுவில் 25-30 மி.மீ. கறுப்புப் பட்டை விழும், அதன் மேல் 40 மி.மீ. குறுக்குச் சட்டம் ஓட்டி மறைக்கலாம். இப்படிச் செய்தால் இரண்டையும் ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். ஒரே மாடலிலும் பேட்ச் மாறினால் ஒன்று இளஞ்சிவப்பாகவும் மற்றது பச்சை கலந்தும் தெரியும். இரண்டு டிரைவர்கள் ஒரே நொடியில் உயிர்பெறாமல் முன்பின்னாக எரிவதும் நடக்கும். அதைத் தவிர்க்க இரண்டு அவுட்புட் உள்ள ஒரே டிரைவர் நல்லது.

டிரைவர்

கெட்டுப்போவது பெரும்பாலும் பேனல் அல்ல, டிரைவர்தான். பேனலுடன் இலவசமாக வரும் டிரைவரை ஒதுக்கி வையுங்கள். பேனலின் பின்லேபிளில் 36-42 வோல்ட், 950 மில்லி ஆம்பியர் என்ற மாதிரி எழுதியிருக்கும். இது கான்ஸ்டன்ட் கரன்ட் வகை, அதாவது மாறாத கரன்ட் கேட்பது. மாற்று டிரைவரின் மில்லி ஆம்பியர் அதற்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும், வோல்ட் வரம்பு பேனலின் வோல்ட்டை உள்ளடக்க வேண்டும். 24 வோல்ட் ஸ்ட்ரிப் பவர் சப்ளையை இதில் மாட்டினால் ஒன்று எரியவே எரியாது; இல்லையென்றால், வோல்ட் பொருந்திவிட்ட பேனலில் கரன்ட் கட்டுப்பாடின்றி ஏறி எல்இடி கருகும்.

அடுத்தது ஃப்ளிக்கர், அதாவது ஒளியின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான டிரைவரின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120. கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. ஆனாலும் சிலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் தருவது இதுதான். நாள் முழுக்கப் பார்வையில் இருக்கப்போகும் ஒளிப்பரப்புக்கு இதைவிட முக்கியமான தகுதி வேறில்லை. பிடபிள்யூஎம் முறையில் (ஒளியை வேகமாக அணைத்து எரியவைத்து) டிம் செய்யும் டிரைவர் என்றால், மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யின் 1789 வழிகாட்டி (2015) சொல்வதைப் பிடித்துக்கொள்ளலாம்: 1,250 ஹெர்ட்ஸுக்கு மேல் ஆபத்து குறைவு, 3,000-க்கு மேல் கவலையே இல்லை. சுவரில் இருக்கும் பழைய ட்ரையாக் டிம்மர் குமிழை இதில் சேர்ப்பது தொல்லையைக் கூப்பிட்டு உட்காரவைப்பது. கீழ்ப் பிரகாசத்தில் துடிப்பு, ஒரு ரீங்காரம், 15 சதவீதத்துக்குக் கீழே போனால் திடீரென அணைதல், எல்லாம் வரும். வாங்க வேண்டியது தனி ஒயரில் டிம் செய்யும் 0-10 வோல்ட் அல்லது டாலி டிரைவர், ஒயர் இழுக்க வழியில்லை என்றால் ஒயர்லெஸ் ஜிக்பீ. டிம் வரம்பு 1 சதவீதம் வரை இறங்குகிறதா என்று பாருங்கள், 10-இல் நின்றால் இரவில் அது ஜன்னலாக இருக்காது.

அணைத்த பிறகும் பேனல் மங்கலாக மினுங்குகிறது என்ற புகார் அடிக்கடி வரும். குற்றவாளி பேனல் அல்ல. சுவிட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசியும் மின்சாரம், அல்லது ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை சுவிட்ச் அறுப்பது, பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

பெட்டியும் சட்டமும்

இங்கேதான் ஜன்னல் பிறக்கிறது. 12 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி. உள்ளளவு பேனலைவிடப் பக்கத்துக்கு 3 மி.மீ. அதிகம். பின்னால் 20 மி.மீ. காற்று இடைவெளி, மேலும் கீழும் காற்றுப் பிளவுகள். எட்ஜ்-லிட் பேனலின் சூடு முழுவதும் ஓரச் சட்டத்தில்தான் இருக்கும், அதைப் பஞ்சு வைத்து அடைத்துவிட்டால் ஆயுள் குறையும். டிரைவரைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். சுவரை உடைக்காமல் கை எட்டும் இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள்.

பேனலின் அலுமினிய ஓரத்தை 15 மி.மீ. பீடிங் (மெல்லிய மரச் சட்டம்) மறைக்க வேண்டும். பீடிங்கின் பின்பக்கம் கறுப்பு ஃபோம் டேப் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் மயிரிழை இடைவெளியிலும் ஒளி கசிந்து கோடாகத் தெரியும். பேனலுக்கும் ஃப்ராஸ்டட் ஷீட்டுக்கும் நடுவே 40-50 மி.மீ. விடுங்கள். பக்கச் சுவர்களுக்கு மேட் வெள்ளை. பளபளப்பு பெயின்ட் அடித்தால் பேனலின் பிம்பம் ஓரங்களில் கோணலாகத் தெரியும்.

ஷீட் அக்ரிலிக்காக இருந்தால் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 மி.மீ. விரியும். 20 டிகிரி ஏறினால் 1.4 மி.மீ. நான்கு பக்கமும் திருகு போட்டு இறுக்கினால் ஷீட் வயிறு தள்ளும், அல்லது திருகு ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். பள்ளத்தில் சொருகி, பக்கத்துக்கு 2 மி.மீ. விட்டுவிடுங்கள். பால் நிற ஓபல் ஷீட்டைவிட ஃப்ராஸ்டட் நல்லது. ஓபலில் பாதி ஒளியைத் தின்றுவிடும் வகைகள் உண்டு, மேலும் அது எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கி ஆழத்தைக் கொன்றுவிடும்.

குறுக்குச் சட்டங்கள் ஷீட்டுக்கு முன்னால் வரும், 20 மி.மீ.க்குக் குறையாத ஆழம், வெள்ளை நிறம். சட்டத்தின் பக்கவாட்டு முகங்களில் ஒளி விழுவதுதான் கண்ணுக்கு 'இது ஜன்னல்' என்று சொல்லும் முதல் குறிப்பு. பெட்டியின் முன்பகுதிப் பக்கங்களை அறையை நோக்கி 10-15 டிகிரி விரிவாகச் சாய்த்தால் தடித்த சுவரின் தோற்றம் கிடைக்கும். கீழே 100 மி.மீ. வெளியே நீளும் ஜன்னல் திண்டு, தரையிலிருந்து 900 மி.மீ. உயரத்தில். டிவிக்கோ மானிட்டருக்கோ எதிர்ச்சுவரில் வைக்காதீர்கள், பிரதிபலிப்பு தாங்காது.

இனி ஒளியின் ஏற்ற இறக்கம். தெளிந்த வானம் கீழே வெளிறி வெள்ளையாகவும் மேலே நீலமாகவும் இருக்கும். முழுமேகமூட்டத்தில் தலைகீழ்: உச்சி வானம் தொடுவானத்தைப்போல் மூன்று மடங்கு பிரகாசம், இதுவே சர்வதேச ஒளியூட்டல் ஆணையமான சிஐஇ-யின் நிலையான மேகமூட்ட வானத்தின் கணக்கு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். பேனல் சீரான ஒளியைத்தான் தரும் என்பதால், தெளிந்த வானம் வேண்டுமானால் பேனலின் மேல் மூன்றிலொரு பங்கில் கால் சிடிபி நீல ஜெல் (ஒளியின் நிறத்தைக் கொஞ்சம் நீலமாக்கும் மெல்லிய தாள்) ஒட்டலாம். 5000 கெல்வினை அது 6000 பக்கம் தள்ளும். ஜெல்லின் கீழ் ஓரத்தை நேராக வெட்டாமல் 60-80 மி.மீ. ஆழமான ரம்பப் பல்லாக வெட்டுங்கள். முன்னால் இருக்கும் ஃப்ராஸ்டட் ஷீட் அந்தப் பற்களைக் கரைத்துப் படிப்படியான மாற்றமாக்கிவிடும்.

ஸ்ட்ரிப் வைத்துச் செய்தால்

அளவு வழக்கத்துக்கு மாறானது, பேனல் பொருந்தவில்லை என்றால் மட்டும். விதி எளிது: ஸ்ட்ரிப் வரிசைகளுக்கு இடையிலான தூரம், ஸ்ட்ரிப்பிலிருந்து ஷீட் வரையான தூரத்தைத் தாண்டக் கூடாது. இங்கே மட்டும் ஃப்ராஸ்டட் போதாது, ஓபல் ஷீட் வேண்டும். 900 அகலம், 600 உயரம், 90 மி.மீ. ஆழம் கொண்ட பெட்டிக்கு 85 மி.மீ. இடைவெளியில் 7 வரிசை. மொத்தம் 6.3 மீட்டர், மீட்டருக்கு 9.6 வாட் என்றால் 60 வாட், 24 வோல்ட்டில் 2.5 ஆம்பியர். கால் பங்கு கூடுதல் தாங்குதிறன் வைத்தால் 75-ஐத் தொடும், எனவே 100 வாட் சப்ளை. வரிசைகளை ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கொடுங்கள். தொடராகக் கோத்தால் கடைசி வரிசை மங்கும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் இது இன்னும் மோசம். ஸ்ட்ரிப்பின் பின்பசையை நம்பாதீர்கள், மரத்தில் நேராக ஒட்டினால் சூட்டில் கழன்று தொங்கும். அலுமினியப் பட்டையில் ஒட்டிப் பொருத்துங்கள்.

ஸ்ட்ரிப்பின் ஒரே மேன்மை, மேல் 3 வரிசைக்கு 6500, கீழ் 4 வரிசைக்கு 5000 கெல்வின் என்று தனித்தனியாக டிம் செய்ய முடிவது. ஜெல் தேவையில்லை. அதற்கு விலையாக வேலை இரட்டிப்பு.

வெயில் விழ வேண்டும் என்றால்

தரையில் கூர்மையான வெயில் கட்டம் விழ வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு: எந்தப் பேனலும் அதைத் தராது. பேனலின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது, சூரியனோ வானத்தில் அரை டிகிரி அகலம்தான். இத்தாலியின் இன்சுப்ரியா பல்கலைக்கழக இயற்பியலாளர் பாவ்லோ டி ட்ரபானி உருவாக்கிய கோஎலக்ஸ் இதைச் சாதித்திருக்கிறது. சக்திவாய்ந்த எல்இடி புரொஜெக்டரின் கற்றை நானோ துகள்கள் கலந்த தகட்டின் வழியே வருகிறது. நீல ஒளி அதிகம் சிதறித் தகடு வானமாகத் தெரிகிறது, சிதறாமல் வருவது வெயிலாக விழுகிறது. சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் என்பதால் 450 நானோமீட்டர் நீலம் 650 சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறும். அருமையான பொருள், கட்டட வேலையோடு சேர்த்துத் திட்டமிட வேண்டியது. ஒரு வீட்டு அறைக்கு யாரும் பரிந்துரைக்கப் போவதில்லை.

கையால் செய்ய ஃப்ரெனல் லென்ஸ் (வளையங்கள் வெட்டிய தட்டையான லென்ஸ்) வழி இருக்கிறது. 600 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸின் குவியத்தில் 20 மி.மீ. சிஓபி எல்இடி (பல சில்லுகள் நெருக்கமாகப் பதித்த ஒற்றை விளக்கு) வைத்தால் கற்றையின் விரிவு 1.9 டிகிரி. சூரியனைப்போல் நான்கு மடங்கு, நிழலின் ஓரம் சற்று மசங்கும், ஆனாலும் வெயில்தான். சுவருக்குப் பின்னால் 600 மி.மீ. ஆழமும், எல்இடிக்கு ஹீட்சிங்க்கும் மின்விசிறியும் வேண்டும். விசிறி இரைச்சலை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பால் கலந்த நீர்த்தொட்டி வைத்து நீல வானம் காட்டலாம் என்ற யோசனையும் சுற்றுகிறது. பால் கொழுப்பின் துளிகள் பெரியவை, நீலத்தைவிட வெள்ளையாகவே சிதறும். சில நாளில் நாறும்.

பொருத்தும் முன்

மெயின்ஸ் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், அலுமினிய ஃபிரேமுக்கு எர்த் வேண்டுமா என்பதை டிரைவரின் மின்பாதுகாப்பு வகுப்பு சொல்லும். படுக்கையறைக்குத் தப்பிக்கும் வழியாகத் திறக்கும் ஜன்னல் இருக்க வேண்டும் என்று பல நாடுகளின் கட்டட விதிகள் கேட்கின்றன. இந்தப் பெட்டி அந்தக் கணக்கில் சேராது, காற்றோட்டத்துக்கும் சேராது. வாடகைக்கு விடும் அறையில் நிஜம் போலவே செய்துவைத்தால், புகை சூழ்ந்த நேரத்தில் ஒருவர் இதைத் திறக்கப் போராடக்கூடும் என்பதையும் யோசியுங்கள்.

நிறம் மாற்றக்கூடிய பேனலுக்கு நேர அட்டவணை: காலையில் 3000 கெல்வினில் மெல்ல ஏறி, நடுப்பகலில் 5500, மாலையில் இறங்கி, தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே 2700-இல் 5 சதவீதத்துக்குக் கீழே. ஒவ்வொரு மாற்றமும் 30 நிமிடமாவது எடுக்கட்டும். நொடியில் நிறம் மாறினால் முழு உழைப்பும் வீண். நள்ளிரவில் வெள்ளையாக எரியும் ஜன்னலைவிட அணைந்திருப்பது மேல்.

கடையிலேயே செய்துவிட வேண்டிய சோதனைகள் மூன்று. பேனலை எரியவிட்டு 20 சதவீதத்துக்கு டிம் செய்து, ஃபோன் கேமராவின் ஷட்டரை வேகமாக வைத்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த டிரைவர் வேண்டாம். பக்கவாட்டில் குனிந்து நான்கு மூலைகளையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் அந்த ஓரத்து எல்இடி வரிசையின் இணைப்பு தளர்ந்திருக்கலாம், வேறு பேனல் கேளுங்கள். கடைசியாக, ஒளிரும் பரப்பின் முன் உள்ளங்கையை நீட்டி, தோலின் சிவப்பு உயிரோடு தெரிகிறதா என்று பாருங்கள். பெட்டியில் சிஆர்ஐ 90 என்று எழுதியிருந்தும் கை வெளிறித் தெரிந்தால், அட்டையை நம்பாமல் கையை நம்புங்கள்.